திபெத்திய மொழிக்கு அகராதி கண்ட சோமா

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே ஹங்கேரி என்பதொரு நாடு உளது. அந்நாட்டார் பேசும் மொழி, அவர்களைச் சூழ்ந்து வாழும் ஜெர்மானியர், ஸ்லாவியர், ருமேனியர் ஆகியோர்தம் மொழிகளுள் எதனோடும் உறவுடையதன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கிழக்கே எங்கிருந்தோ குதிரையேறி வந்த கூட்டத்தாரின் வழியினர் தாம் என்பது அவர்கள் வழிவழியாகக் கேட்டறிந்த செய்தி. அங்ஙனமாயின், அக்கூட்டத்தோடு வாராது பின்தங்கிய உறவினர் யாண்டு உளர்? அவர் இன்றும் அம்மொழியைப் பேசுகின்றனரோ? இவ்வினாவுக்கு விடைகாண வேண்டி, படையுமின்றிப் பரிவாரமுமின்றி, பெரும்பான்மையும் கால்நடையாகவே ஆசியாவுக்குப் புறப்பட்டார் ஓர் ஏழை மாணாக்கர். தேடிய உறவினரை அவர் காணவில்லை. தாம் தேடாத பிறிதோர் இனத்தாரின் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் செய்து வைத்துவிட்டு, இமயமலைச் சாரலிலே உயிர்துறந்தார். அவர் வரலாற்றையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவர் பெயர் கோரோஷி சோமா ஷாண்டோர் என்பது. ஹங்கேரியர் வழக்கில் குடிப்பெயர் முன்னும் இடுபெயர் பின்னும் நிற்கும். கோரோஷ் என்பது அவர் ஊர். சோமா என்பது குடிப்பெயர். ஷாண்டோர் என்பது அலெக்சாந்தர் என்பதன் ஹங்கேரிய வடிவம். சோமா என்னும் பெயரைக் கேட்டு அவரை நம் நாட்டவரென மயங்குவாரும் உளர்; அப்பெயர்க்கும் வடமொழிச் சோமனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

1784-ஆம் ஆண்டில், இப்போது ருமேனியாவுக்கு உட்பட்ட டிரான்சில்வேனியாவில், செக்லர் என்னும் ஹங்கேரியக் குடியில் அவர் பிறந்தார். எல்லைக்காவற் பணி செய்யும் எளிய குடும்பம் அது. 1799-இல், பதினைந்து வயதுச் சிறுவராகத் தந்தையுடன் நடந்தே சென்று, நாடியெனெத் என்னும் ஊரிலிருந்த சீர்திருத்தத் திருச்சபைக் கல்லூரியைச் சேர்ந்தார். 1622-இல் பெத்லேன் என்னும் இளவரசர் நிறுவிய கல்லூரி அது. கட்டணம் செலுத்தவியலாத ஏழைச் சிறுவர் பணிவிடை செய்து உணவும் கல்வியும் பெறுதற்கு ஆங்கு இடமிருந்தது. சோமா அவ்வகுப்பினர். அறை பெருக்கியும் ஏவல் செய்தும் ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் அங்கே கழித்தார். அக்காலத்திலேதான், தோழர் இருவரோடு கூடி, நம் குலமூலத்தைக் கண்டறிவோம் எனச் சூளுரைத்தார். இளமையில் இத்தகைய சூளுரைகளைச் செய்யாதார் யாவர்? தோழர் இருவரும் ஊரிலேயே நின்றுவிட்டனர், சோமா நிற்கவில்லை.

1816 முதல் 1818 வரை ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உதவிச் சம்பளம் பெற்றுப் பயின்றார். விவிலிய ஆராய்ச்சியிற் பெயர்பெற்ற ஐக்ஹார்ன் என்னும் பேராசிரியரிடம் அவர் பாடங் கேட்டார். பண்டை ஹங்கேரியரைப் பற்றிய செய்திகள் அரபு நூல்களில் உள்ளன என்று அப்பேராசிரியர் வாயிலாக அறிந்தபின், அரபும் துருக்கியும் கற்கத் தொடங்கினார். தாயகம் மீண்டதும் ஆசிரியப் பதவி அவரை அழைத்தது, மறுத்துவிட்டார். பின்னும் சில திங்கள் ஸ்லாவிய மொழி கற்றார். 1819-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தம் முப்பத்தைந்தாம் வயதில், ஒரு சிறு பொருளுதவியும் கைத்தடியுமாக நாடியெனெத்தை விட்டு வெளியேறினார். வயற்புறத்தில் உலாவப் புறப்பட்டார் போன்று மெல்லிய உடை உடுத்திருந்தார் என்று அவருடைய ஆசிரியர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். ஊர் எல்லை வரை வழியனுப்ப வந்தாரும் அவர் திரும்பி வருவார் என்றே எண்ணியிருத்தல் வேண்டும்.

அவர் சென்ற வழியை ஒரு நிலப்படத்தைக் கையிற்கொண்டு பின்தொடர்வது நன்று. வல்லாக்கியா வழியாகக் கான்ஸ்டாண்டிநோபிள் செல்ல எண்ணினார். ஆங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. எனவே கப்பலேறி அலெக்சாந்திரியாவை அடைந்தார், ஆங்கும் அந்நோயே. சைப்பிரசு, பெய்ரூத்து வழியாகத் திரும்பிச் சிரியாவில் இறங்கி, அலெப்போ நகருக்கு நடந்தார். ஆங்கிருந்து வணிகச்சாத்து ஒன்றோடு மோசூல். மோசூலினின்று தைகிரிசு ஆற்றில் தெப்பமேறிப் பாக்தாது. 1820 அக்டோபரில் பாரசீகத் தலைநகராகிய தெகரானை அடைந்தார். கைப்பொருள் தீர்ந்தது. ஆங்கிருந்த ஆங்கிலத் தூதகத்தார் இரங்கி ஆதரித்தனர். நான்கு திங்கள் அங்கே தங்கிப் பாரசீகம் கற்றார்.

தெகரானைவிட்டு 1821 மார்ச்சில் புறப்படுகையில் அவர் செய்த செயலொன்று எம் உள்ளத்தைத் தொட்டது. கல்லூரி நற்சான்றுகளையும் ஐரோப்பிய உடைகளையும் கட்டி அங்கேயே வைத்தார். புகாரா செல்லும் வழியில் தாம் இறக்க நேரின் அவற்றைத் தம் நாட்டுக்கு அனுப்பிவிடுமாறு எழுதி வைத்தார். பின்னர் ஆர்மீனியர் உடை தரித்து, சிக்கந்தர் பேக் என்னும் பெயரோடு கீழ்த்திசை நோக்கி நடந்தார். மெஷத்து நகரில் பாதையின் கலவரத்தால் பல திங்கள் தடைப்பட்டார். நவம்பரில் புகாராவை அடைந்தார். உருசியப் படை வருகிறதென்னும் வதந்தியால் ஐந்தே நாளில் அவ்வூரையும் விட்டார். பல்கு, பாமியன் வழியாக 1822 ஜனவரியில் காபூல், பஞ்சாபு மன்னர் இரஞ்சித்து சிங்கின் பணியை நாடிச் சென்ற இரு ஐரோப்பியப் படைத்தலைவரோடு இலாகூர், பின் காசுமீரம், சோசி கணவாயைக் கடந்து 1822 ஜூன் 9-ஆம் நாள் லடாக்கின் தலைநகராகிய லே. தாயகம் நீங்கி இரண்டு ஆண்டு ஏழு திங்கள் ஆகிவிட்டன. இப்பயணத்தைப் பற்றி அவரே பின்னர் எழுதிய கடிதத்தில் இடப்பெயர்களும் நாட்களுமே மிகுதி. பட்ட துன்பத்துக்கு அவர் செலவிட்ட சொற்கள் மிகச் சில.

லடாக்கு அக்காலத்தில் ஒரு தனி அரசு. பௌத்த மன்னர் ஒருவர் லேயிலிருந்து ஆண்டுவந்தார். 1834-இல் ஜம்முப் படையெடுப்பு நிகழ்ந்த பின்னரே அவ்வுரிமை போயிற்று. கடல்மட்டத்திற்குமேல் சுமார் 11,500 அடி உயரத்திலுள்ளது லே நகரம். மழை அரிது, மரம் அரிது, பனியுருகி வரும் நீர்க்கால்களின் ஓரத்தே மட்டும் வாற்கோதுமை விளையும். குன்றின் உச்சிதோறும் பௌத்த மடம் ஒன்று நிற்கும். வீட்டுக்கொரு மகனை மடத்துக்கு அனுப்புதல் பல குடும்பங்களில் வழக்கம். வறுத்த வாற்கோதுமை மாவும், வெண்ணெயும் உப்பும் கலந்த தேயிலை நீரும் நாடோறும் உணவு. இந்நாட்டை அடைந்தபோது சோமாவின் கருத்து இந்நாட்டின்மேல் இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவர் செல்ல விரும்பியது வடக்கே மலைகளுக்கப்பாலுள்ள யார்க்கந்து. ஹங்கேரியரின் உறவினர் நடு ஆசியாவிலே இருப்பர் என்பது அவர் துணிபு. ஆனால் யார்க்கந்து வழியோ பெரும்பொருள் வேண்டுவது. ஒரு கிறிஸ்தவனுக்கு உயிரச்சம் உள்ளது. லேயில் இருபத்தைந்து நாள் தங்கிப் பார்த்து, வேறு வழியின்றித் திரும்பினார்.

திரும்பும் வழியில், ஜூலை 16-ஆம் நாள், திராசு என்னும் ஊரருகே மூர்கிராப்ட்டு என்னும் ஆங்கிலேயரைச் சந்தித்தார். கும்பெனியாரின் குதிரைப் பண்ணைக்கு மேற்பார்வையாளர் அவர். நல்ல குதிரை தேடி நடு ஆசியா செல்லப் புறப்பட்டவர். உரோமாபுரியில் 1762-இல் அச்சான திபெத்திய எழுத்து நூலொன்று அவர் கையிலிருந்தது. அதனைச் சோமாவிடம் கொடுத்தார். படித்துப் பார்த்த சோமாவுக்கு, திபெத்திய நூல்களிலே தம் குலத்தின் சுவடு கிடைக்கக்கூடும் என்னும் எண்ணம் பிறந்தது. திபெத்திய மொழியறிவு கும்பெனியார்க்கும் பயன்படும் என்பது மூர்கிராப்ட்டின் எண்ணம். அவருக்கு அரசியல் நோக்கமும் இருந்ததென்பதை மறைத்தல் வேண்டா. வடக்கே உருசியரின் வளர்ச்சியை அஞ்சியவருள் அவர் ஒருவர். அவரிடம் பொருளும் பரிந்துரைக் கடிதமும் பெற்றே சோமா லடாக்குக்கு மீண்டார். மூர்கிராப்ட்டு 1825-இல் வடக்கே சென்றவிடத்திலேயே காய்ச்சல் கண்டு இறந்தார்.

1823 ஜூன் மாதத்தில், லேக்குத் தெற்கே மலைகளிடையே ஒதுங்கிக் கிடக்கும் ஜான்ஸ்கார் பள்ளத்தாக்கில், ஜாங்லா என்னும் சிற்றூரை அடைந்தார். ஆங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஸங்கே புந்த்சோக் என்னும் லாமா. மருத்துவம் வல்லவர், திபெத்திய நூல்களில் ஆழ்ந்த பயிற்சியுடையவர், பல நாடு சுற்றியவர். மாணாக்கர்க்கு அகவை முப்பத்தொன்பது. அவர்களுக்குள் பொதுவாயிருந்த மொழி பாரசீகமேயாம்.

மாரிக்காலம் வந்தது. பனி கணவாய்களை அடைத்தது. ஒன்பதடிச் சதுரமான ஓரறையிலே லாமாவும் சோமாவும் ஓர் ஏவலாளும் அடைபட்டனர். நான்கு திங்கள் வெளிச்செல்ல இயலவில்லை. அறையில் நெருப்பில்லை, இருட்டியபின் விளக்கில்லை. வெறுந்தரையே படுக்கை. ஆட்டுத்தோற் போர்வையுள் கைகளை மடக்கிக்கொண்டு காலை முதல் மாலை வரை அமர்ந்து படித்தனர். ஏட்டைப் புரட்டுவதற்காகப் போர்வையினின்று கையை வெளியே நீட்டுவதே ஒரு தவமாயிருந்தது. இதனைச் சோமா தாமே விரித்துச் சொல்லவில்லை. பின்னாளில் அவரைக் கண்டுவந்த ஜெரார்டு என்னும் மருத்துவர் எழுதிவைத்தார். அந்நிலையிலே நாற்பதினாயிரம் சொற்களைத் தொகுத்தார் சோமா.

அம்மொழி எளிதன்று என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். லாமாவின் பெயரிலுள்ள ஸங்கே என்னுஞ் சொல்லுக்குப் புத்தர் என்பது பொருள். அதனை எழுதும்போது ஸங்ஸ்ர்க்யஸ் என எழுதுவர். ஒலிக்கும்போது பாதி எழுத்து மறைந்துபோம். இன்ன எழுத்து முதலெழுத்து, இன்னது முன்னொட்டு, இன்னது மேலேறியது என்று பிரித்தறியாதான் எந்தச் சொல்லையும் அகராதியில் தேடிக் காணமுடியாது. நம் தமிழில் எழுதியவாறே வாசிக்கிறோம். குற்றியலுகரத்துக்கும் சந்திக்குமே நம் மாணாக்கர் அலுத்துக்கொள்கிறோம்.

பதினாறு திங்கள் கழித்து, 1824 அக்டோபரில், லாமா பின்னே வருவதாகச் சொல்ல, சோமா முன்னே மலையிறங்கினார். லாமா வரவில்லை, பனி வழியை அடைத்துவிட்டது. தனியே ஆங்கில எல்லையிலுள்ள சபாத்து என்னும் பாளையத்தை அடைந்தார். அங்கே அவரை ஒற்றரோ என ஐயுற்றனர். மேலிடத்திலிருந்து மறுமொழி வரும்வரை அவரைத் தடுத்து வைத்தனர். நெடுந்தொலைவு நடந்தும் கூசாத அம்மனிதரின் நெஞ்சம் இவ்வையத்தால் மிகவும் புண்பட்டது. தம் வரலாறு முழுவதையும் எழுதிக்கொடுத்தார். ஈற்றில் அரசாங்கத்தார் தெளிந்து, மாதம் 50 ரூபாய் உதவ இசைந்தனர்.

1825-இல் மீண்டும் ஜான்ஸ்காருக்கு நடந்தார். செங்குத்தான பாறையின் குகைவாயில் தேன்கூடு போல் ஒட்டிக்கொண்டிருக்கும் புக்தால் மடத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். இம்முறை லாமா பாடத்திற் கருத்தூன்றவில்லை. சோமா குறைந்த பயனோடும் நிறைந்த நாணத்தோடும் 1827 ஜனவரியில் திரும்பினார். போதாக்குறைக்கு, திபெத்திய மொழிக்கு ஓர் அகராதி 1826-லேயே செராம்பூர் மிஷன் அச்சகத்தில் வெளியாகிவிட்டது. பழைய கையெழுத்துப் படியொன்றைக்கொண்டு அச்சிட்ட அந்நூல் பிழை மலிந்தது. ஆயினும் அகராதிதான் வந்துவிட்டதே, இவர் இனி எதற்கு என்று கருதினாரும் இருந்தனர். சோமாவின் வாழ்வில் அவர் திரும்பி ஊருக்குப் போயிருக்கலாம் என்று எமக்குத் தோன்றும் காலம் இதுவே. ஊரைவிட்டு ஏழாண்டுகள் ஆயின. உறவினர் கிடைக்கவில்லை, அகராதியும் முடியவில்லை.

அவர் போகவில்லை. லாமாவை மீண்டும் வேண்டி அழைத்துக்கொண்டு, சத்லெஜ் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள காணம் என்னும் மலையூருக்குச் சென்றார். அவ்வூர் மடத்தில் கான்ஜூர், தான்ஜூர் என்னும் பெருந்தொகைகள் இருந்தன. முன்னது புத்தர் வாய்மொழியெனப் போற்றப்படும் 100 ஏட்டுத் தொகுதி. பின்னது உரையும் சாத்திரமுமாக 225 தொகுதி. 1827 முதல் 1830 வரை அங்கிருந்தார். ஜெரார்டு 1828-இல் அவரைக் கண்டது அவ்வூரில்தான். மாதம் 50 ரூபாயிற் பாதியை ஆசிரியர்க்குக் கொடுத்து, ஏவலாளுக்கும் வாடகைக்கும் தந்து, எஞ்சியதில் உண்டு உடுத்துப் புத்தகமும் வாங்கினார். ஜெரார்டு அன்புடன் அளிக்க முன்வந்த பொருள்களைப் பெரும்பாலும் வாங்க மறுத்துவிட்டார். ஜான்ஸ்கார் மக்கள் அவருக்கு இட்டு வழங்கிய பெயர் அயல்நாட்டு மாணாக்கர் என்பது. நாற்பத்தைந்து வயது கடந்தும் அப்பெயருக்கு ஏற்பவே இருந்தார்.

1831-இல் கல்கத்தாவை அடைந்து ஏஷியாட்டிக் சங்கத்தில் அமர்ந்தார். 1834-இல் அவருடைய அகராதியும் இலக்கணமும் அந்நகரத்துப் பாப்டிஸ்டு மிஷன் அச்சகத்தில் ஐந்நூறு ஐந்நூறு படிகளாக அச்சாயின. அகராதியின் முகப்பேட்டை ஒருமுறையேனும் நோக்குதல் தகும். ஜான்ஸ்கார் நாட்டுப் புலமைமிக்க லாமா ஸங்கே புந்த்சோக்கின் துணையால் ஆக்கப்பட்டது என்று அம்முகப்பிலேயே அவர் பொறித்திருக்கிறார். இருமுறை தம்மை ஏமாற்றிய ஆசிரியர்தாம் அவர்! வீரமாமுனிவர் சதுரகராதி செய்ததையும், வின்ஸ்லோ தம் பேரகராதியை 1862-இல் வெளியிட்டதையும் நாம் அனைவரும் அறிவோம். அத்தகைய மேனாட்டார்க்குச் சொல்லுஞ் சொல்லாகப் பொருள் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்? லாமாவின் பெயர் நூலின் முகப்பிலே நிற்கின்றது.

இந்நூல்களால் விளைந்த பயன் பெரிது. வடமொழியில் மறைந்துபோன பௌத்த நூல்கள் பல திபெத்திய மொழிபெயர்ப்பாகவே எஞ்சியிருந்தன. அக்களஞ்சியத்திற்குத் திறவுகோல் கிடைத்தது. மணிமேகலையில் அளவைநூற் செய்தி கூறும் காதையைப் பயில்வார்க்குத் திக்நாகர் பெயர் புதிதன்று. காஞ்சியை அடுத்த ஊரிற் பிறந்தவர் அவர் என்பது திபெத்திய மரபு. அவர்தம் பிரமாண சமுச்சயம் முழுமையாகக் கிடைத்ததும் திபெத்திய மொழியிலேதான். சோமா சமயப் பணிக்குச் சென்றவரல்லர். தம் கிறிஸ்தவ சமயத்தை விட்டவருமல்லர். எனினும் அவருக்குப்பின் இமயத்திலே உழைத்த மொரேவிய மிஷனரியாகிய ஏஷ்கே என்பார், சோமாவின் அகராதியைப் பெரிதும் மதித்துப் பயன்கொண்டு, தம் அகராதியை 1881-இல் வெளியிட்டார். ஏஷ்கே உழைத்து மொழிபெயர்த்த திபெத்தியப் புதிய ஏற்பாடு, அவர் இறந்தபின் 1885-இல் நிறைவெய்தி வெளிவந்தது.

கல்கத்தா வாழ்வைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. சங்கத்தின் நூல்நிலையப் பொறுப்பாளராய், புத்தகப் பெட்டிகள் நான்கின் நடுவே பாய் விரித்துப் படுத்து எழுந்தார். இடையே வடவங்காளஞ் சென்று வடமொழியும் வங்காளியும் பயின்றார். தம்பொருட்டு ஹங்கேரியில் திரட்டி அனுப்பிய பணத்தைத் தமக்கெனக் கொள்ளாது, தாம் பயின்ற பள்ளிகளில் ஏழை மாணவர் பயனுறுமாறு திருப்பி அனுப்பினார். ஹங்கேரியக் கல்விக்கழகம் 1833-லேயே அவரை உறுப்பினராகத் தேர்ந்திருந்தது.

புகழ் வந்தும் பழைய வினா அவரை விடவில்லை. 1842-இல், தம் ஐம்பத்தெட்டாம் ஆண்டில், லாசா நகரை நோக்கி மறுபடியும் புறப்பட்டார். ஆங்குள்ள நூல்நிலையங்களில் தம் குலத்தாரைப் பற்றிய செய்தி இருக்குமென நம்பினார். மலையடிவாரத்துக் காட்டில் முறைக்காய்ச்சல் பற்றியது. மார்ச் 24-ஆம் நாள் தார்ஜீலிங்கை அடைந்தார். அங்கே அதிகாரியாயிருந்த டாக்டர் கேம்பெல் அன்புடன் பேணினார். மருந்துண்ண முதலில் இவர் இசையவில்லை. அச்சமயம் அங்கிருந்த சிக்கிம் அரசரின் வக்கீல், தங்கள் மொழியையும் நூல்களையும் இவ்வளவு அறிந்த ஐரோப்பியரைக் கண்டு வியந்தார். காய்ச்சல் சற்றுத் தணிந்த ஒருநாள், ஹூணரைப் பற்றியும் நடு ஆசியக் குடிகளைப் பற்றியும், லாசாவில் தாம் காணப்போவன பற்றியும் கேம்பெலிடம் ஊக்கத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அதன்பின் காய்ச்சல் மிகுந்தது. ஏப்ரல் 11-ஆம் நாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. மறுநாள் கேம்பெலே அடக்க ஆராதனையை வாசித்தார்.

ஹங்கேரிய மொழிக்கு மிக நெருங்கிய உறவுமொழிகள் மேலைச் சைபீரியாவில், ஓபு ஆற்றங்கரையில் வாழும் காந்தி, மான்சி என்னும் சிறுகுடியினர் பேசுவன என்று பிற்கால மொழிநூலார் நிறுவினர். அவ்விடம் லாசாவுக்கு வடமேற்கே நெடுந்தொலைவில் உள்ளது. சோமா நடந்து சென்ற வழிகளுள் ஒன்றும் அத்திசையை நோக்கியதன்று.

அவர் இறந்தபின் கேம்பெல் அவருடைய உடைமைகளைக் கணக்கெடுத்தார். புத்தகமும் தாளும் நிறைந்த பெட்டிகள் நான்கு, எப்போதும் அணிந்து, அதனோடே உறங்கிய நீலநிற உடை ஒன்று, சில சட்டைகள், சமைக்கும் பாத்திரம் ஒன்று. தார்ஜீலிங்கின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஏஷியாட்டிக் சங்கத்தார் எழுப்பிய நினைவுத்தூணும், பின்னர் அவர் நாட்டார் பதித்த கல்வெட்டும் இன்றும் உள்ளன. ஹங்கேரியிலிருந்து வருவோர் இன்றும் அக்கல்லறையைத் தேடிச் செல்கின்றனர்.